எர்த் கிளாம்பை எங்கே மாட்டுகிறோம்?

"வெல்டிங் வைக்கறதுக்கு முன்னால பேட்டரியைக் கழட்டியாச்சுங்களே, அப்புறம் என்னங்க பயம்?" என்று என்னிடம் கேட்காத அறுவடை வண்டிக்காரர்கள் குறைவு. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் தமிழக எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கும் இடைப்பட்ட ஊர்களில் டிராக்டர்களுக்கும் அறுவடை வண்டிகளுக்கும் மின்வேலை செய்வது என் தொழில். வெல்டிங் வைத்த மறுநாள் ஓடாமல் நின்றுபோகும் வண்டி வெல்டரிடம் திரும்பிப் போவதில்லை. என் பட்டறைக்குத்தான் வருகிறது. ஆகவே இந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட முடியாது. கேள்வியில் பாதி நியாயம் இருப்பதுதான் பதிலைக் கடினமாக்குகிறது. பேட்டரியைக் கழற்றுவது சரியான செயல். சாவியைக்கூட அணைக்காமல் வெல்டிங் ராடை உரசுகிறவர்கள் இருக்கும் ஊரில், பேட்டரியைக் கழற்றியவர் அக்கறையுள்ளவர். அப்படி அக்கறையோடு நடந்துகொண்டவரின் வண்டியே கெட்டு நிற்கும்போது அவருக்கு என்ன சொல்வது என்பது என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

உறுத்தலைத் தொடங்கிவைத்தது ஒரு புரட்டாசி அறுவடை. இங்கே அதைக் கன்னிக் கொய்த்து என்பார்கள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் நெல்லைக் களத்தில் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் சித்தூர் வட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வண்டி தேடும். அதற்காகவே ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து வண்டிகள் லாரியில் ஏறி வருகின்றன. அப்படி வந்த ஒரு புதிய பெல்ட் வண்டியில், முன்னால் கதிரை அறுக்கும் கட்டர் பகுதியைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விட்டது. வெல்டர் மெஷினையும் ஜெனரேட்டரையும் வயலுக்கே கொண்டுவந்தார். ஓட்டுநர் சாவியை அணைத்து, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றி, ஒயர் நுனிகளைத் துணியால் சுற்றிவைத்தார். வரப்பில் மெஷின் நின்ற இடத்துக்கு வண்டியின் பின்புறம்தான் பக்கம் என்பதால், எர்த் கிளாம்ப், அதாவது மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் கவ்வி, பின்புறச் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) மாட்டப்பட்டது. வெல்டிங் நன்றாகவே பிடித்தது. அன்று பொழுது சாயும்வரை வண்டி அறுத்தது. மறுநாள் காலையில் இன்ஜின் இயங்கியது. ஆனால் வேகம் எடுக்கவில்லை, எச்சரிக்கை விளக்கும் அணையவில்லை. ஸ்கேனரைச் செருகியபோது ஒன்றோடொன்று தொடர்பில்லாத சென்சார்களின் பிழைக் குறியீடுகள் ஒருசேர வந்தன. அவை அனைத்தும், இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டியான ஈசியூ சென்சார்களுக்கு வழங்கும் 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்பவை. முன்பக்கம் போகும் ஒயரிங்கின் மேலுறையைப் பிளந்து பார்த்தபோது, அதிலிருந்த எர்த் ஒயர் உறை உருகிப் பக்கத்து ஒயர்களோடு ஒட்டிக்கிடந்தது. ஒட்டிய இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. வயலில் வண்டி அதிர அதிர அங்கே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் ஈசியூவின் சப்ளைப் பகுதியே போய்விட்டது.

ஈசியூ வர வேண்டும், வயலில் நெல் சாய்ந்து நிற்கிறது, வானம் இருண்டுவருகிறது. இவற்றைவிட எனக்குக் கசப்பாக இருந்தது வேறொன்று. வண்டியின் முதலாளி ஊரிலிருந்து போனில், ஓட்டுநர் பேட்டரியைக் கழற்றாமலேயே கழற்றியதாகச் சொல்கிறார் என்றும், செலவை அவருடைய பேட்டாவில் பிடிக்கப்போவதாகவும் சொன்னார். அந்த ஓட்டுநர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வெல்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் பேட்டரியே இல்லாத வண்டியில் ஒரு ஒயர் எப்படி உருகும் என்று முதலாளி கேட்டபோது, அவர் ஏற்றுக்கொள்ளும்படி போனில் விளக்க என்னால் ஆகவில்லை.

முதலாளியும் விவரம் தெரியாதவர் அல்லர். பல ஆண்டுகளாக வண்டி வைத்திருப்பவர். இந்தப் பகுதியில் வெல்டர்களும் வண்டிக்காரர்களும் சொல்கிற ஒரு வாதம் உண்டு: முப்பது வருடமாக டிராக்டரிலேயே ரொட்டவேட்டரை வைத்துக்கொண்டு வெல்டிங் வைக்கிறோம், கிளாம்பை முன் பம்பரில் மாட்டினாலும் எதுவும் ஆனதில்லை. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது அனுபவத்திலிருந்து வருகிறது. அந்த முப்பது வருட வண்டிகளில் டீசலைப் பீய்ச்சியது முழுக்க முழுக்க இயந்திரப் பம்பு. மின்சாரம் என்றால் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், விளக்கு, ஹாரன், ஒன்றிரண்டு மீட்டர் முள் என்பதோடு முடிந்தது. வழி தவறிய மின்னோட்டம் அங்கே கெடுப்பதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. பேரிங்கில் அது குழி விழச் செய்திருந்தாலும், மாதங்கள் கழித்து அந்தப் பேரிங் சத்தம் போடும்போது யாரும் வெல்டிங்கை நினைத்துப் பார்ப்பதில்லை. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ட்ரெம் நான்காம் நிலைப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய பெரிய வண்டிகளில் மின் கட்டளைப்படி டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பும் அதை ஆளும் ஈசியூவும் வந்துவிட்டன. நம் வயல்களில் உழுகிற சின்ன டிராக்டர்களில் பெரும்பாலானவை இன்னும் பழைய இயந்திரப் பம்பு வண்டிகளே. ஒரே பட்டறை வாசலில், ஒரே நாளில், எதற்கும் அசையாத பழைய வண்டியும் சிறிய தவறையும் தாங்காத புதிய வண்டியும் அடுத்தடுத்து நிற்கின்றன. பழையதில் பழகிய கை புதியதிலும் அதே மாதிரிதான் கிளாம்பை மாட்டும்.

திரும்பிப் போகும் வழி

பத்தாம் நம்பர் ராடு என்று நாம் சொல்கிற 3.15 மில்லிமீட்டர் ராடில் வெல்டிங் வைக்கும்போது ஏறக்குறைய 90 முதல் 130 ஆம்பியர் ஓடுகிறது. இந்த மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கிப் போவதில்லை. மெஷினிலிருந்து, ராடைப் பிடிக்கும் ஹோல்டர் வழியாக வந்து, ராடின் நுனியில் தீயாக எரிந்து, இரும்பில் நுழைந்து, கிளாம்பைக் கண்டுபிடித்து, மறுபடி அதே மெஷினுக்குத் திரும்புகிறது. ராடு தொடும் இடத்துக்கும் கிளாம்ப் கடித்திருக்கும் இடத்துக்கும் நடுவே வண்டியில் என்னென்ன இருக்கின்றனவோ அவை அத்தனையும் அந்தத் திரும்பும் வழியின் பகுதிகள். மின்சாரம் ஒரே ஒரு நல்ல வழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படிச் செய்வதில்லை. வாய்க்கால் தண்ணீர் திறந்திருக்கும் எல்லா மடைகளிலும் அகலத்துக்கேற்பப் பிரிந்து பாய்வதைப் போல, மின்னோட்டமும் கிடைக்கிற எல்லா வழிகளிலும், அவற்றின் தடைக்கேற்பப் பிரிந்து ஓடும்.

இவ்வளவு கனமான இரும்பு இருக்கும்போது மெல்லிய ஒயரில் எவ்வளவு போய்விடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆறுதல் நிலைக்காது. அறுவடை வண்டியின் கட்டர் பகுதி இரும்புப் பின்களிலும் ஹைட்ராலிக் சிலிண்டரிலும் தொங்குகிறது. பின்னுக்கும் அது நுழைந்திருக்கும் புஷ்ஷுக்கும் இடையில் கிரீஸ், சேறு, துரு. அந்த இணைப்பின் தடை மொத்தம் 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய எண்தான். முன் விளக்குகளுக்காகச் சேசிஸிலிருந்து கட்டர் பகுதிவரை போய் இரண்டு பக்கமும் இரும்பில் முடுக்கப்பட்ட ஒரு எர்த் ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று மீட்டர் நீளம் என்றால் அதன் தடை 0.034 ஓம்தான். 120 ஆம்பியர் இந்த இரண்டுக்கும் இடையில் பிரியும்போது ஒயரின் பங்கு ஏறக்குறைய 71 ஆம்பியர். கனத்த இரும்பைவிட அந்த மெல்லிய ஒயரே நல்ல வழி, ஏனென்றால் இரும்பு கனமாக இருந்தாலும் இணைப்பு மோசமாக இருக்கிறது. இருபது ஆம்பியரே அதிகம் என்னும் ஒயரில் அதுபோல மூன்று மடங்குக்கு மேல் ஓடினால் உறை உருகத்தான் செய்யும். எர்த் ஒயரில் பியூஸும் போடுவதில்லை, ஆகவே இடையில் அறுத்துவிட ஒன்றும் இல்லை.

இந்த வழி முழுவதிலும் பேட்டரிக்கு ஒரு வேலையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றினால் பேட்டரி மட்டும்தான் பிரிகிறது. ஒயரிங்கின் எர்த் முனைகள் சேசிஸில் பல இடங்களில் தனித்தனியே போல்ட்டில் முடுக்கப்பட்டு அப்படியே இருக்கின்றன. வெல்டிங் நடக்கும்போது மோசமான இணைப்பின் இரு பக்கமும் சில வோல்ட் வித்தியாசம் எழும். பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வித்தியாசம், அதன் இரு பக்கமும் கால் ஊன்றியிருக்கும் ஒயர்கள் மீது விழும். மில்லி ஆம்பியரில் வேலை செய்கிற சென்சார் ஒயர்களும், ஈசியூக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் ஒயர் இணையும் அந்த ஒயர்களுக்கு நடுவேதான் ஓடுகின்றன. கேன் முறை பாஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986இல் வெளியிட்டது. அமைதி நிலையில் இரண்டு ஒயர்களும் 2.5 வோல்ட் அளவில் நிற்கும், பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். இவ்வளவு சிறிய ஏற்றத்தாழ்வில் பேசுகிற அமைப்புக்குப் பக்கத்தில் நூறு ஆம்பியரை வழி தெரியாமல் விடுகிறோம்.

அப்படியானால் பேட்டரியைக் கழற்றுவது எதற்கு? அது வேறு ஆபத்துகளுக்கானது. பேட்டரி இணைந்திருந்தால் அதன் வழியாக வண்டியின் பிளஸ் பக்கத்துக்கும் ஒரு தாராளமான பாதை திறந்திருக்கும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் அதில் மாட்டிக்கொள்ளும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் பொறி தெறிப்பது தனி ஆபத்து. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றுவதைப்போல் மோசமான காரியம் இல்லை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கையில் பேட்டரி அறுந்தால் எழும் மின்னழுத்தத் துள்ளலுக்கு, தடுப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்புகளில் ஐ.எஸ்.ஓ. 16750 தரவிதி வைத்திருக்கும் சோதனை அளவு 79 முதல் 101 வோல்ட். சாவியை அணைத்து, இன்ஜின் முழுவதும் நின்றபின் தொடுவதற்குக் காரணம் இது. ஆக, பேட்டரியைக் கழற்றியவர் ஒரு கதவைச் சரியாகவே சாத்தியிருக்கிறார். ஒயர் உருகியது வேறு கதவு வழியாக.

ஆயில் மெஷினும் டாங் டெஸ்டரும்

இதையெல்லாம் பலகையில் எழுதிக் காட்டினால் ஒப்புக்கொள்ளக்கூடியவர்கள் வெல்டிங் பட்டறைகளில் இல்லை. அது அவர்கள் குறையும் இல்லை. என் பட்டறைக்கு நாலு கடை தள்ளி வெல்டிங் வைக்கும் அண்ணன், நாற்பது வருடக் கைப்பழக்கம் உள்ளவர், நான் கணக்கைச் சொல்லி முடித்ததும் அமைதியாகக் கேட்டார்: "தம்பி, இத்தனை டன் இரும்ப விட்டுப்போட்டு அந்தக் கரண்டு நூல் மாதிரி ஒயருக்குள்ள எதுக்குப் போகோணும்?" நியாயமான கேள்வி. அதற்குக் கண்ணால் காட்டுகிற பதில் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வைகாசியில் அறுவடை வண்டிகளுக்கு வேலை இருக்காது. உள்ளூர்க்காரர் ஒருவரின் பழைய வண்டி, இயந்திரப் பம்பு உள்ளது, ஈசியூ எதுவும் இல்லாதது, பிராக்கெட் வேலைக்காக அண்ணனின் பட்டறை முற்றத்தில் நின்றது. கெடுவதற்கு ஒன்றும் இல்லாத வண்டி என்பதால் உரிமையாளரும் சம்மதித்தார். அண்ணனிடம் இருப்பது பழைய ஆயில் கூல்டு டிரான்ஸ்பார்மர் மெஷின். அதிலிருந்து வருவது ஏசி என்பதால் என்னிடமுள்ள சாதாரண டாங் டெஸ்டரே (ஒயரை வாயால் கவ்வி ஆம்பியரை அளக்கும் மீட்டர்) போதும். இன்வெர்ட்டர் மெஷின் என்றால் டிசியை அளக்கிற டாங் டெஸ்டர் தேவைப்பட்டிருக்கும். பேட்டரியைக் கழற்றி எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி திண்ணையில் வைத்தோம். கிளாம்பை, புரட்டாசியில் அந்த வெல்டர் மாட்டியதுபோலவே, பின்புறச் சேசிஸில் மாட்டினோம். முன் விளக்கின் எர்த் ஒயரை மட்டும் கட்டிலிருந்து பிரித்தெடுத்து டாங் டெஸ்டரின் வாய்க்குள் விட்டேன். அண்ணன் பிராக்கெட்டில் சின்னதாக ஒரு வரி வைத்தார்.

மீட்டர் இரட்டை இலக்கத்துக்குத் தாவியது. அண்ணன் முகமூடியை நிமிர்த்தி மீட்டரைப் பார்த்தார், பிறகு திண்ணையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். மறுபடி ஒரு வரி வைக்கச் சொன்னேன், மறுபடியும் ஏறியது. கட்டர் பகுதியை ஜாக்கி வைத்துக் கொஞ்சம் தூக்கி, பின்களின் மேலிருந்த பாரத்தை மாற்றியபோது எண்ணும் மாறியது. அந்த இரும்புப் பின், புஷ்ஷோடு இறுகி உட்கார்ந்தால் ஒயரில் குறைவாக ஓடுகிறது, கிரீஸில் மிதந்தால் ஒயரில் அதிகமாக ஓடுகிறது என்பதற்கு அதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டே இரண்டு சிறு வரிகளுக்கே கதகதப்பாக இருந்தது.

அடுத்து அண்ணனே, நான் சொல்லாமல், கிளாம்பைப் பின்னாலிருந்து கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். விரிசலுக்கு ஒரு சாண் தள்ளி, அதே பிராக்கெட்டில் பெயின்ட்டைக் கிரைண்டரால் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் கிளாம்பைக் கடிக்கவிட்டு வெல்டிங் வைத்தார். மீட்டர் சுழியத்தில் நின்றது. பேட்டரி அப்போதும் திண்ணையிலேயே இருந்தது. இரண்டு முறைக்கும் இடையில் மாறியது கிளாம்ப் இருந்த இடம் ஒன்றுதான். "இத்தன வருசமா கேபிள் எட்டுற எடத்துல மாட்டிட்டு இருந்தமே" என்று அவர் சொன்னபோது சுற்றி நின்ற பையன்களில் யாரும் பேசவில்லை. அதன்பின் அந்தப் பட்டறையில் எர்த் கேபிளின் நீளம் கூடியது. வண்டியின் எந்த மூலைக்கும் எட்டும்படி கேபிள் வாங்கிவிட்டார். எனக்கு அது எந்த விளக்கத்தைவிடவும் பெரிய ஒப்புதல். முதலாளிக்கும் போன் செய்து, பேட்டரி திண்ணையில் இருக்கும்போதே ஒயரில் மின்சாரம் ஓடியதை நானும் பட்டறையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம் என்று சொன்னேன். ஓட்டுநரின் பேட்டாவில் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டேன். அவர் பாதியைக் கொடுத்தார். மீதியையும் கொடுத்திருக்க வேண்டும் என்பதே இன்றும் என் கருத்து.

வயலில் செய்யக்கூடியது

கழற்றிக் கீழே வைக்க முடிந்ததைக் கழற்றிவிட வேண்டும். ரொட்டவேட்டர், கேஜ் வீல், லெவலர் போன்றவற்றை டிராக்டரில் வைத்துக்கொண்டே வெல்டிங் வைப்பதற்கு நேரமிச்சம் தவிர வேறு காரணம் கிடையாது. கழற்ற வேண்டியது இரண்டு கீழ்ப் பின்கள், டாப் லிங்க், கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாப்ட், இவ்வளவுதான். கழற்றிவிட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள ஆபத்துகளில் பெரும்பாலானவை அந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். கழற்ற முடியாத இடங்களுக்குத்தான் மற்ற ஏற்பாடுகள்.

சாவியை அணைத்தவுடன் பேட்டரியில் கை வைக்கக் கூடாது. சாவி அணைந்தபிறகும் ஈசியூ சிறிது நேரம் விழித்திருந்து, தான் கற்ற அளவுகளைத் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும், கையேடு கையில் இல்லாவிட்டால் ஐந்து நிமிடமாவது பொறுப்பது நல்லது. கறுப்பு முனையை முதலில் கழற்றி, பிறகு சிவப்பு. அதற்குப்பின் ஆல்டர்னேட்டர் ஒயர்களையும் ஈசியூவின் கனெக்டர்களையும் கழற்றுவதா வேண்டாமா என்பதில் நிறுவனங்களே ஒன்றுபோல் சொல்வதில்லை. சில கையேடுகள் பேட்டரியோடு நிறுத்திக்கொள்கின்றன. சில ஈசியூவையும், இன்னும் சில வண்டியிலுள்ள ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் கழற்றச் சொல்கின்றன. வண்டியின் கையேட்டில் உள்ளதைச் செய்ய வேண்டும் என்பதே சரி. கையேடு இல்லாத வயலில் நான் ஈசியூ கனெக்டரைக் கழற்றிவிடுவேன், ஏனென்றால் பேட்டரியைப் பிரித்தபின்னும் எர்த் வழியாக ஈசியூவுக்கு வரக்கூடிய பாதையை வெட்டுவது அது ஒன்றுதான். கழற்றிய கனெக்டரின் வாயில் உமித்தூசியும் ஈரமும் புகாதபடி சுத்தமான பிளாஸ்டிக் பையைக் கட்ட வேண்டும். அவசரத்தில் கனெக்டரின் பின் வளைந்துவிட்டால், காப்பாற்றப்போன ஈசியூவை நாமே கெடுத்ததாகிவிடும்.

கிளாம்பைப் பொறுத்தவரை, வெல்டிங் வைக்கிற அதே துண்டு இரும்பில், முடிந்தவரை பக்கத்தில், பெயின்ட்டும் துருவும் சேறும் சுரண்டிய இடத்தில் மாட்ட வேண்டும். கிளாம்புக்கும் ராடுக்கும் நடுவே பேரிங், கீல், பின், ஹைட்ராலிக் சிலிண்டர், ஈசியூ, சென்சார் எதுவும் இருக்கக் கூடாது. பேரிங்கின் குண்டுக்கும் அதன் பாதைக்கும் இடையில் மின்னோட்டம் தாவினால் அங்கே சிறு பொறி விழுந்து குழியாகும். சிலிண்டர் தண்டின் குரோம் பூச்சில் விழுந்தால் ஆயில் சீல் கிழிந்து கசியும். வசதியாக இருக்கிறது என்று ஈசியூவின் எர்த் போல்ட்டிலேயே கிளாம்பைக் கடிக்கவிட்டிருந்த ஒரு வண்டியையும் பார்த்திருக்கிறேன். எந்த வழியைத் தவிர்க்க வேண்டுமோ அந்த வழிக்கே அது வாசல் வைக்கிறது. அதுபோலவே இன்ஜின் பிளாக்கிலும் மாட்டக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும். சேசிஸோடு அதை இணைப்பது ஒரு பின்னல் எர்த் பட்டை. சேசிஸில் வெல்டிங் வைத்து இன்ஜினில் கிளாம்ப் மாட்டினால் ஏறக்குறைய முழு மின்னோட்டமும் அந்தப் பட்டையிலும், பட்டை துருப்பிடித்திருந்தால் இன்ஜின் ஒயரிங்கிலும்தான் போக வேண்டும்.

கேபிள்களையும் கவனிக்க வேண்டும். ஹோல்டர் கேபிளையும் எர்த் கேபிளையும் பிரித்துப் போட்டு நடுவில் வண்டியை வைப்பதைவிட, இரண்டையும் சேர்த்தே ஓட்டினால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு தணித்துவிடும். வண்டியின் ஒயரிங் கட்டுமீது கேபிளைப் படுக்கவிடுவதோ, கேபினுக்குள் சுருளாகப் போட்டுவைப்பதோ கூடாது. தவிர, அறுவடை வண்டியின் இடுக்குகளில் வைக்கோல் தூசியும் கிரீஸும் அடைந்திருக்கும். பொறி விழுந்து ஒயரிங்கோடு சேர்ந்து எரிந்துபோன வண்டிகளுக்கு இந்த எச்சரிக்கைகளால் பயனில்லை. நனைத்த சாக்கை ஒயர்கள் மேலும் ஹைட்ராலிக் ஹோஸ்கள் மேலும் போர்த்தி, பக்கத்தில் தண்ணீரும் ஒரு ஆளும் இருக்கும்போது மட்டுமே ராடை உரச வேண்டும்.

பேட்டரி முனைகளில் மாட்டுகிற மின்துள்ளல் தடுப்புக் கருவி ஒன்றைச் சிலர் வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் எதையும் கழற்ற வேண்டியதில்லை என்றும் நம்புகிறார்கள். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில் எழும் திடீர்த் துள்ளலை அது தணிக்கக்கூடும். எர்த்திலிருந்து எர்த்துக்கு, மைனஸ் பக்கத்திலேயே ஓடுகிற மின்னோட்டத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணனின் முற்றத்தில் நாங்கள் பார்த்தது அந்த ஓட்டத்தைத்தான். அந்தக் கருவியை வாங்குகிற பணத்துக்கு நீளமான, தடிமனான எர்த் கேபிளும் கடிக்கும் பல் தேயாத ஒரு கிளாம்பும் வாங்கலாம்.

அரை மணி நேரம்

இவ்வளவையும் சொன்னபின் எப்போதும் வருகிற கேள்வி நேரம் பற்றியது. மழை வருகிறது, நெல் நனைந்தால் கொள்முதலில் ஈரப்பதம் என்று கழிப்பார்கள், வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. இதில் ஈசியூவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியுமா? அந்த அவசரம் பொய்யில்லை, அதை அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிளாம்பைப் பக்கத்தில் மாட்டுவதற்கு நேரம் எதுவும் கூடுதலாகத் தேவையில்லை, கேபிள்தான் தேவை. பேட்டரிக்கும் ஈசியூவுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை இன்று யார் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. வெல்டருக்கு வெல்டிங்குக்கு மட்டும் கூலி, ஓட்டுநருக்கு அறுத்த நேரத்துக்கு மட்டும் பேட்டா. கழற்றி மாட்டுகிற வேலைக்குக் கூலி கிடையாது, அதைச் செய்யாமல் விட்டதற்கான பழி மட்டும் உண்டு. வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் என்னை அழைக்கிற முதலாளிகளிடம் நான் அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கேட்கிறேன். ஓட்டுநரே செய்தால் அவருக்குக் கொடுங்கள் என்கிறேன். கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியை எல்லை தாண்டி அனுப்பும் முதலாளிகள், கையேட்டில் வெல்டிங் பற்றிய பக்கத்தைத் தமிழில் யாரையாவது சொல்லச்சொல்லி எழுதி, கேபினில் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைத்தால், வயல் நடுவில் இரவு ஏழு மணிக்கு அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இங்குள்ள வெல்டர்கள் பலர் மலையாளம் பேசுகிறவர்கள் என்பதால் இரண்டு மொழியிலும் எழுதிவைப்பது இன்னும் நல்லது.

வெல்டிங் முடிந்ததும் இரும்பு ஆறட்டும். கிளாம்புக்காகச் சுரண்டிய இடத்துக்குப் பிரைமர் பூச வேண்டும், இல்லாவிட்டால் அங்கே துரு ஏறும். எர்த் பட்டைகளின் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கி, பக்கத்து ஒயர்களின் உறையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கழற்றியவற்றை மாட்டலாம். பேட்டரியை இணைப்பதற்கு முன் இன்னொரு சோதனை இருக்கிறது. ஒரு மல்டிமீட்டர் வைத்திருக்கிற எவரும் செய்யலாம். ஒன்பது பின் உள்ள வட்டமான பரிசோதனை சாக்கெட் வண்டியில் இருந்தால், அதில் சி, டி என்று குறித்த இரண்டு பின்களுக்கும் இடையில் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். கேன் ஒயரின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் இரண்டும் சேர்ந்து 60 ஓம் அளவில் காட்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது, அல்லது கழற்றிய கனெக்டர் ஒன்று இன்னும் மாட்டப்படவில்லை. சுழியத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஒயர்கள் எங்கோ உருகி ஒட்டியிருக்கின்றன, பேட்டரியை இணைக்கவே கூடாது. 60 காட்டினால் சிவப்பை முதலிலும் கறுப்பைக் கடைசியிலும் மாட்டி, சாவியைப் போட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தபின் வண்டியை ஓட்டுநரிடம் கொடுக்கிறேன்.